சபை அமர்வும் தாபரிப்பு நிலுவையும்: மலையக நீதவான் நீதிமன்றம் ஒன்றில் நின்றுபோன வழக்கு

இலங்கை மலையகத்தின் நீதவான் நீதிமன்றம் ஒன்றில், ஏற்கெனவே கட்டளையாகிவிட்ட பிள்ளைத் தாபரிப்பு (ஜீவனாம்ச)ப் பணத்தின் நிலுவையை அறவிடுவதற்காகத் தோட்டத் தொழிலாளியான தாய் ஒருவர் விண்ணப்பம் செய்தார். எதிர்மனுதாரருக்காக ஆஜரான சட்டத்தரணி பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தபடியால், அந்த விண்ணப்பம் அடுத்தடுத்த தவணைகளில் விசாரிக்கப்படாமலே தள்ளிப் போனது. சட்ட உதவிப் பணியில் அந்தத் தாய்க்குத் துணை நின்றவன் என்ற முறையில் இந்த ஆய்வை எழுதுகிறேன். தாபரிப்பு வழக்கு ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் என்பதால் நீதிமன்றம், தோட்டம், ஆண்டு, சம்பந்தப்பட்டோர் பெயர் ஆகியவற்றை விட்டுவிட்டேன். அவை இல்லாமலே எழும் கேள்வி இதுதான்: மக்கள் பிரதிநிதி சபையில் இருக்க வேண்டிய நாளில் நீதிமன்றம் அவருக்காகக் காத்திருக்கலாமா, காத்திருந்தால் அந்தக் காத்திருப்புக்கான செலவு யார் தலையில் விழுகிறது?

வழக்கின் போக்கு

மனுதாரர் கொழுந்து பறிப்பவர். இரண்டு பிள்ளைகள், இருவரும் பாடசாலையில் படிக்கிறார்கள். கணவர் கொழும்பில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் வேலை செய்கிறார். இருவரும் பிரிந்த பிறகு, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் மாதந்தோறும் குறித்த தொகையைச் செலுத்துமாறு நீதவான் கட்டளையிட்டிருந்தார். சில மாதங்கள் பணம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. இப்படிப்பட்ட நிலுவையைப் பொறுத்தவரை சட்டம் மென்மையானது அல்ல. போதிய காரணமின்றிப் பணம் செலுத்தத் தவறியவருக்கு, செலுத்தாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். சம்பளத்திலிருந்து நேரடியாகப் பிடித்துக் கொடுக்குமாறும் கட்டளையிடலாம். எனவே நிலுவை விண்ணப்பம் என்பது சாதாரணமாக நீண்ட விசாரணை அல்ல. பணம் கட்டப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரு காலை அமர்விலேயே விடை கண்டுவிடலாம்.

முதல் தவணையில் கணவர் வந்தார். முந்தைய வழக்கில் அவருக்காகப் பேசிய உள்ளூர்ச் சட்டத்தரணி இல்லை. அவருக்குப் பதிலாகப் புதிதாக நியமிக்கப்பட்ட சிரேஷ்ட சட்டத்தரணியின் கனிஷ்டர் எழுந்து, சிரேஷ்டர் பாராளுமன்ற அமர்வில் இருப்பதால் வேறு தவணை தருமாறு கேட்டார். மனுதாரருக்கு அன்று சட்டத்தரணி எவரும் இல்லை. ஆட்சேபனை எழாததால் தவணை கிடைத்தது. அடுத்தது வரவுசெலவுத் திட்டக் காலம். நவம்பர், டிசம்பர் மாதங்களில் இரண்டாம் வாசிப்பும் குழுநிலை விவாதமும் நாள்தோறும் நடக்கும் என்பது ஊரறிந்தது. அந்தத் தவணை போனதில் எவரும் குறை காண முடியாது. மூன்றாம் தவணை புத்தாண்டில் விழுந்தது. மீண்டும் அதே காரணம். எங்கள் பகுதி நீதிமன்றங்களில் வழக்கேடு பெரும்பாலும் சிங்களத்திலேயே எழுதப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அதில் ஒற்றை வரிதான் பதிவானது. மொழிபெயர்ப்பாளர் மனுதாரருக்குச் சொன்னது அடுத்த திகதியை மட்டும்.

மூன்றாம் தவணைக்குப் பிறகே அவர் சட்ட உதவி தேடி வந்தார். "பார்லிமெண்ட் எப்பங்க ஐயா முடியும்?" என்பது அவருடைய முதல் கேள்வி. பாடசாலைத் தவணை போல அதுவும் ஒருநாள் முடிந்து விடுமுறை விடும் என்றும், அதுவரை பொறுத்தால் போதும் என்றும் அவர் எண்ணியிருந்தார்.

பொறுப்பதற்கும் விலை உண்டு. நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் மலைக்குப் போக முடியாது. மலைக்குப் போகாத நாளில் தோட்டத்தின் வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் விழாது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. ஒரு தவணை என்றால் அந்தச் சம்பளம் போவதோடு பஸ் செலவும் சேரும். சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து லயத்து அக்காவுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். கணவரும் கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்தது என்பது உண்மை. அவருக்கும் ஒருநாள் போனது. ஆனால் ஒவ்வொரு ஒத்திவைப்பும் அவருக்கு வட்டியில்லாக் கடனை நீட்டிக் கொடுத்தது. கடன் கொடுத்தவர், கேட்கப்படாமலே, கொழுந்து பறிக்கும் அந்தத் தாய்.

சபைக் கடமை பொய்க்காரணம் அல்ல

இந்த வழக்கைக் கேட்கும் மலையக நண்பர்கள் பலர் உடனே அரசியல்வாதிகளைத் திட்டத் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிரதிநிதி சபையில் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை மலையகத் தமிழர் அளவுக்குப் பட்டறிந்தவர்கள் இந்த நாட்டில் குறைவு. 1947 பொதுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் உட்படத் தோட்ட மக்களின் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1949இல் தேர்தல் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தமும் அந்த மக்களிடமிருந்து வாக்குரிமையைப் பறித்தன. 1952 தேர்தலில் அவர்களுக்காகப் பேச அவர்கள் தெரிந்தெடுத்த எவரும் சபையில் இல்லை. தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் சபைக்குப் போனது 1977இல். சம்பளம், காணி, வீடு, பாடசாலை என்று மலையகத்தைத் தொடும் விவாதம் நடக்கும் நாளில், அங்கிருந்து போனவர் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தால், அது அவரை வழக்குக்கு அமர்த்திய ஒருவருக்குச் செய்யும் நன்மை, ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்யும் தீமை.

அரசியலமைப்பும் சபை வருகையைச் சும்மா விடவில்லை. சபையின் அனுமதியின்றித் தொடர்ச்சியாக மூன்று மாதங்கள் வராத உறுப்பினரின் ஆசனம் 66ஆம் உறுப்புரையின்படி வெற்றிடமாகும். ஆகவே ஒரு சட்டத்தரணி 'இன்று எனக்குச் சபை இருக்கிறது' என்று சொன்னால், நீதிமன்றம் அதைச் சாட்டாக எடுத்துக்கொள்ளாமல் கடமையாக மதிப்பது நியாயம். நான் மறுப்பது அந்த மதிப்பை அல்ல. அந்த மதிப்பு எதையும் கேட்காமல், எதையும் எழுதாமல், எதிர்த்தரப்பிலிருந்து விலை வாங்கிக் கொடுக்கப்படுவதையே மறுக்கிறேன்.

இலங்கைச் சட்டம் சொல்வது

இலங்கையில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் சட்டத்தரணியாகத் தொழில் செய்யத் தடை இல்லை. பிலிப்பைன்ஸ் வேறு வழியில் போனது. அந்நாட்டின் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி சட்டமன்ற உறுப்பினர்கள் நீதிமன்றங்களில் தாமே நேரில் வழக்காட முடியாது. அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. சட்டம் தெரிந்தவர்கள் சபைக்குப் போவது குறைவாக இருக்கும் மலையகத்தில், தொழிலை விட்டால்தான் போகலாம் என்று சொன்னால் இன்னும் குறையும்.

உறுப்பினரின் சிறப்புரிமைகளை 1953ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாராளுமன்ற (தத்துவங்களும் சிறப்புரிமைகளும்) சட்டம் வகுக்கிறது. அரசியலமைப்பின் 67ஆம் உறுப்புரை அதைத் தொடர்ந்து ஏற்புடையதாக்குகிறது. சபையில் பேசியதற்காக வெளியே எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்பது அதன் இதயம். ஓர் உறுப்பினர் சட்டத்தரணியாக ஏற்ற வழக்கை நீதிமன்றம் கட்டாயம் ஒத்திவைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. எனவே நடைமுறையில் கொடுக்கப்படும் தவணை உரிமையால் வருவது அல்ல. சூழ்நிலையைப் பார்த்து நீதவான் தாமே முடிவெடுக்கும் அதிகாரமான தற்றுணிபால் வருவது.

தற்றுணிபு என்பது விருப்பம் போலச் செய்வது அல்ல. குடியியல் நடபடிமுறைக் கோவையின் 143ஆம் பிரிவு, போதிய காரணம் காட்டப்பட்டால் விசாரணையை ஒத்திவைக்கலாம் என்று சொல்லும் அதே மூச்சில், விதிவிலக்கான சூழ்நிலை இருந்து அதன் காரணங்கள் பதிவு செய்யப்பட்டால் அன்றி ஆறு வாரத்துக்கு மேற்பட்ட தவணை கொடுக்கக் கூடாது என்கிறது. ஒத்திவைப்பால் ஏற்படும் செலவு பற்றிக் கட்டளையிடவும் இடமளிக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 263ஆம் பிரிவும் நியாயமான காரணத்தையும், அதை எழுத்தில் பதிவதையும் எதிர்பார்க்கிறது. தாபரிப்பு வழக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு தனிவகை. ஆனால் காரணம் காட்டு, காரணத்தை எழுது என்பவை இரண்டு கோவைகளிலும் ஓடும் பொதுவான எண்ணம். செலவைக் கணக்கில் எடு என்பதைக் குடியியல் கோவை சேர்க்கிறது. 'சிரேஷ்ட சட்டத்தரணி பாராளுமன்றத்தில்' என்ற ஒற்றை வரி அதில் எதையும் நிறைவேற்றவில்லை.

உறுப்பினரே குற்றஞ்சாட்டப்பட்டவராக நிற்கும் வழக்குகள் வேறு வகை. அவற்றை இங்கே விரித்துப் பேசவில்லை. 2020இல் மரணதண்டனைத் தீர்ப்புக்குப் பிறகு தெரிவான பிரேமலால் ஜயசேகரவைச் சபை அமர்வுக்கு அழைத்துச் செல்ல மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை கொடுத்தது. பின்னர் 2022இல் அவர் விடுவிக்கப்பட்டார். இந்தியாவில், காவலில் இருந்த ஆனந்த நம்பியார் பாராளுமன்றத்துக்குப் போகும் உரிமையைக் கேட்டபோது உச்ச நீதிமன்றம் 1965இல் அதை ஏற்கவில்லை. 2000இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றமும், தண்டனை பெற்ற காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் அதே கோரிக்கையை மறுத்தது. அந்த வழக்குகளில் அரசும் உறுப்பினரும் எதிரெதிரே நிற்கிறார்கள். எங்கள் வழக்கில் நடுவில் மாட்டிக்கொண்டது மூன்றாமவர்.

ஒரு டெக்சாஸ் தீர்ப்பு

அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்த ஒத்திவைப்பு தற்றுணிபால் அல்ல, சட்டத்தாலேயே கிடைக்கிறது. அவற்றில் டெக்சாஸ் மாநிலத்தின் அனுபவம் எங்களுக்கு மிகவும் நெருக்கமானது. காரணம், அங்கே இந்தக் கேள்வியை மேலே கொண்டுபோனதும் ஒரு தாபரிப்பு வழக்குத்தான்.

டெக்சாஸ் சட்டத்தின்படி, வழக்கின் தரப்பினரோ அவருடைய சட்டத்தரணியோ சட்டமன்ற உறுப்பினராக இருந்து, கூட்டத்தொடரில் கலந்துகொள்கிறார் என்றால், நீதிமன்றம் வழக்கை ஒத்திவைக்க வேண்டும். கூட்டத்தொடர் தொடங்குவதற்கு 30 நாட்களுக்கு முன்பிருந்தே இதைக் கேட்கலாம். முடிந்து 30 நாட்கள் வரை ஒத்திவைப்பு நீளும். நீதிபதி மறுக்க இடமில்லை என்றே பல காலம் வாசிக்கப்பட்டது. 1977இல் முடிவான 'வெய்ட்ஸ் எதிர் சொன்டொக்' வழக்கில், பிள்ளைத் தாபரிப்புப் பணம் கேட்ட தாய்க்கு எதிரான தரப்பு சட்டமன்ற உறுப்பினரான சட்டத்தரணியை வைத்திருந்தது, ஒத்திவைப்புக் கேட்கப்பட்டது, விசாரணை நீதிபதி ரூபி சொன்டொக் அதை வழங்கினார். தாய் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். உச்ச நீதிமன்றம் சட்டத்தைத் தூக்கி எறியவில்லை. ஒத்திவைப்பு கட்டாயம்தான், ஆனால் தாமதத்தால் தனக்கு ஏற்கெனவே உள்ள முக்கியமான உரிமை ஒன்று அழிந்துபோகும் அல்லது குறுகிப்போகும் என்று எதிர்த்தரப்பு சொன்னால், அந்த முறைப்பாட்டை நீதிபதி விசாரிக்க வேண்டும். அது உண்மை என்று கண்டால் ஒத்திவைப்பை மறுக்க வேண்டும் என்று தீர்த்தது.

தீர்ப்பு எடுத்துக்கொண்ட அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. அது உறுப்பினரின் கடமை பெரிதா, தாயின் உரிமை பெரிதா என்று தராசில் வைக்கவில்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் உரிமையை இந்தத் தாமதம் தொடுகிறதா என்று மட்டும் கேட்கிறது. காணி எல்லைப் பிணக்கில் ஆறு மாதம் போனால் எல்லைக் கல் அங்கேயே இருக்கும். கட்டளையான தாபரிப்பில் ஆறு மாதம் போனால், அந்த ஆறு மாதமும் பிள்ளை சாப்பிட்டாக வேண்டும். பிறகு வரும் பணம் கடைக்காரரின் கடனை அடைக்கலாம், போன மாதத்தின் பசியை அடைக்காது.

அதே சட்டம் காலப்போக்கில் வேறு சில வேலிகளையும் போட்டுக்கொண்டது. விசாரணைத் திகதிக்கு முன்னான 30 நாட்களுக்குள் அமர்த்தப்பட்ட சட்டத்தரணி என்றால், ஒத்திவைப்பு கட்டாயமல்ல, தற்றுணிபு. விண்ணப்பத்தோடு சட்டத்தரணி சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். அதில், வழக்கை உண்மையாகவே தான் நடத்தப் போவதாகவும், ஒத்திவைப்புப் பெறும் நோக்கத்துக்காக வழக்கை ஏற்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். தற்காலிகத் தடையுத்தரவு விடயங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. சலுகையை வாங்குவதற்காகவே உறுப்பினரைத் தேடிப்போன வழக்காளிகள் இருந்தார்கள் என்பதை, வேலியின் வடிவத்தைப் பார்த்தாலே ஊகிக்கலாம். ஜோர்ஜியா மாநிலத்தில் 2019இல், சபாநாயகராகவும் சட்டத்தரணியாகவும் இருந்தவரின் வழக்குகள் பலமுறை தள்ளிப்போனதைப் பத்திரிகைகள் வெளிக்கொண்டு வந்த பிறகு, அங்கும் சட்டம் திருத்தப்பட்டது.

எங்கள் வழக்கோடு இதைப் பொருத்திப் பார்த்தால் உறுத்துவது, கணவர் சட்டத்தரணியை மாற்றிய நேரம். தாபரிப்புக் கட்டளை வரும்வரை உள்ளூர்ச் சட்டத்தரணி போதுமாக இருந்தார். நிலுவை விண்ணப்பம் வந்த பிறகே பாராளுமன்ற உறுப்பினர் தேவைப்பட்டார். விரும்பிய சட்டத்தரணியை வைத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அதில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் எப்போது வைத்தார் என்பதை நீதிமன்றம் கேட்கலாம். மூன்று தவணையிலும் அது கேட்கப்படவில்லை.

காலமா, நாளா

டெக்சாஸ் விதியை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்; எழுதப்பட்ட விதி இருந்தால் குழப்பம் இல்லை என்பது அவர்கள் வாதம். அங்கேதான் பெரிய வேறுபாடு மறைந்து நிற்கிறது. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழமையான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றை எண் ஆண்டில் ஜனவரியில் தொடங்கி, அதிகபட்சம் 140 நாட்களில் முடிந்துவிடும். முன்னும் பின்னும் 30 நாட்களைச் சேர்த்தாலும் 200 நாட்கள். அதற்குப் பிறகு உறுப்பினர் முழுநேரச் சட்டத்தரணியாகத் திரும்பிவிடுவார். ஜோர்ஜியாவிலும் ஆண்டுக்கு 40 அமர்வு நாட்கள்தான். இலங்கைப் பாராளுமன்றம் அப்படி அல்ல. அது ஆண்டு முழுவதும் கூடும். கூட்டத்தொடர் ஜனாதிபதி ஒத்திவைக்கும்வரை தொடரும், சிலவேளை ஓராண்டையும் தாண்டும். 'கூட்டத்தொடர் நடக்கும் காலம் முழுவதும் வழக்கை ஒத்திவை' என்ற விதியை இங்கே எழுதினால், உறுப்பினர் வாதாடும் எந்த வழக்கும் அவர் பதவி இழக்கும்வரை முடியாது. மனுதாரர் அன்று கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மறுபக்கம், நாள் என்று பார்த்தால் இங்கே நிலைமை எளிது. சபை வழமையாக மாதத்தில் இரண்டு வாரங்கள், செவ்வாய் முதல் வெள்ளி வரை கூடுகிறது. வரவுசெலவுத் திட்டக் காலம் மட்டும் விதிவிலக்கு. கூடும் நாட்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. திங்கட்கிழமைகள் பெரும்பாலும் சும்மா இருக்கின்றன. மற்ற இரண்டு வாரங்களும் அப்படியே. ஹட்டனிலிருந்தோ தலவாக்கலையிலிருந்தோ பாராளுமன்றம் இருக்கும் கோட்டே போக நான்கு மணி நேரமாவது ஆகும் என்பதை எண்ணி, அமர்வுக்கு முன்னான மாலையை விட்டுக்கொடுத்தாலும், ஒரு மாதத்தில் உறுப்பினரான சட்டத்தரணி மலையக நீதிமன்றம் ஒன்றில் நிற்கக்கூடிய நாட்கள் தாராளமாக மிஞ்சும். ஆகவே இங்கே பொருந்துவது காலத்தைப் பார்த்து ஒத்திவைப்பது அல்ல, நாளைப் பார்த்துத் தவணை குறிப்பது. பாராளுமன்ற நாட்காட்டியையும் நீதிமன்ற நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை மட்டுமே அது. புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

அப்படி வைத்துப் பார்த்தபோதுதான், எங்கள் வழக்கின் மூன்றாம் தவணை சபை கூடாத வாரத்தில் விழுந்திருந்தது தெரிந்தது. குழுக் கூட்டம் ஏதும் இருந்திருக்கலாம். குழு வேலையும் சபை வேலையே. ஆனால் கனிஷ்டர் சொன்னது அமர்வு என்று. வழக்கேட்டில் எழுதப்பட்டதும் அமர்வு என்றே.

தொழில் நியாயசபையில் தலைகீழாக

மலையகத்தில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முகம் உண்டு. வெளியூர் வாசகர்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. கைத்தொழில் பிணக்குகள் சட்டம் 1950இல் வந்தது. 1957ஆம் ஆண்டின் திருத்தத்தால் தொழில் நியாயசபைகள் உருவாயின. வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளிக்காக அங்கே தொழிற்சங்கமே விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணி அல்லாத சங்கப் பிரதிநிதியும் வாதாடலாம். தோட்டத் தொழிலாளருக்கு இது பெரிய வசதி. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாத பலரின் வழக்கு இந்த வழியால்தான் நடந்திருக்கிறது. ஆனால் 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடங்கிய காலத்திலிருந்தே மலையகத்தில் தொழிற்சங்கத் தலைமையும் அரசியல் தலைமையும் ஒரே கையில் இருந்து வந்திருப்பதால், வழக்கை நன்றாக அறிந்த சங்கப் பிரமுகர் உறுப்பினராகத் தெரிவாகிவிட்டால், காத்திருக்க வேண்டியவர் எதிர்த்தரப்பு அல்ல, சொந்தச் சங்கத்தின் அங்கத்தவரே.

அங்கே ஆட்சேபனை சொல்வது யார்? தோட்ட நிர்வாகத்தின் சட்டத்தரணி சொல்லமாட்டார். தாமதம் நிர்வாகத்துக்கு நட்டம் இல்லை. தொழிலாளி சொல்லத் துணிவதில்லை. தனக்காக இலவசமாக வழக்கு நடத்தும் தலைவரிடம் போய் 'ஏன் வரவில்லை' என்று கேட்பது எப்படி? வேலைநீக்கம் நடந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கத் தவறினால் கதவை அடைத்துவிடும் சட்டம், விண்ணப்பித்த பிறகு எத்தனை தவணை போனாலும் அவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை. தாபரிப்பு வழக்கில் எதிர்த்தரப்பின் முறைப்பாட்டைக் கேட்டால் போதும். தொழில் நியாயசபையில் எதிர்த்தரப்பு வாய் திறக்காது என்பதால், நியாயசபையின் தலைவரே தொழிலாளியிடம் நேரில் ஒருமுறை கேட்க வேண்டியிருக்கிறது. சங்கங்கள் நினைத்தால், தெரிவான உறுப்பினரின் கையில் இருக்கும் கோவைகளை வேறு உத்தியோகத்தருக்கு மாற்றிக் கொடுப்பது ஒரு மாத வேலைகூட இல்லை. சில சங்கங்கள் அப்படிச் செய்கின்றன, செய்யாதவையும் உண்டு.

நான்காம் தவணை

நான்காம் தவணையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி மனுதாரருக்காக ஆஜரானார். கனிஷ்டர் வழமைபோல எழுந்தார். எங்கள் சட்டத்தரணி ஒத்திவைப்பையே எதிர்ப்பதாகச் சொல்லாமல், நீதவானின் முன் இரண்டு விடயங்களை மட்டும் வைத்தார். ஒன்று, கடந்த தவணைகளும் சபை கூடிய நாட்களும் அடங்கிய ஒரு பக்கம். மற்றது, நிலுவை தொடங்கிய மாதத்திலிருந்து பாடசாலைச் செலவுக்காகவும் கடைக் கடனுக்காகவும் மனுதாரர் அடகு வைத்த நகைகளின் பற்றுச்சீட்டுகள். முறைப்பாட்டின் சாரம், டெக்சாஸ் தீர்ப்பின் பெயரைச் சொல்லாவிட்டாலும், அதுவேதான்: ஏற்கெனவே கட்டளையான உரிமை ஒவ்வொரு மாதமும் தேய்ந்துகொண்டிருக்கிறது.

நீதவான் உறுப்பினரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை நான் மதிக்கிறேன். மூன்றாம் தவணை பற்றி விளக்கம் கேட்டுக் கனிஷ்டரை மாட்டிவிடவும் இல்லை. அடுத்த தவணையை ஒரு திங்கட்கிழமையாகக் குறித்தார். சிரேஷ்டர் வர முடியாவிட்டால் கனிஷ்டர் விசாரணையை நடத்தத் தயாராக வர வேண்டும் என்றார். அந்தத் திகதிக்கு முன் நிலுவையில் பாதி நீதிமன்றத்தில் கட்டப்பட வேண்டும், நடப்பு மாதத் தாபரிப்பு தடைப்படக் கூடாது, இதே காரணத்துக்காக இனித் தவணை இல்லை என்று கட்டளையிட்டு, காரணங்களை வழக்கேட்டில் எழுதினார். இம்முறை மொழிபெயர்ப்பாளர் முழுவதையும் மனுதாரருக்குத் தமிழில் சொன்னார். நிபந்தனையோடு கூடிய ஒத்திவைப்பு என்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. கடன் வழக்குகளில் அன்றாடம் நடக்கிறது. சபைக் கடமை என்ற சொல் வந்தவுடன் அது மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை உறுப்பினரே வந்தார். விசாரணை மதியத்துக்கு முன் முடிந்தது. அவர் நன்றாகவே வாதாடினார் என்பதையும் எழுத வேண்டும்: கணவரின் சம்பளம் குறைந்ததற்கான கடிதத்தைக் காட்டினார், நிலுவையை மறுக்கவில்லை, தவணைப் பணமாகக் கட்ட அவகாசம் மட்டும் கேட்டார். முந்தைய தவணைகளைத் தமது அலுவலகமே கேட்டதாகவும், எதிர்த்தரப்பில் நிற்பவர் யார் என்பதைத் தாம் அப்போது பார்க்கவில்லை என்றும் வெளியே எங்கள் சட்டத்தரணியிடம் சொன்னார். அதை நான் நம்புகிறேன். முதல் தவணையிலேயே இந்த வாதம் வந்திருந்தால் இதே முடிவு வந்திருக்கும், நகை அடகுக்குப் போயிருக்காது.

மீதி நிலுவை மாதாந்தத் தொகையோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டும், ஒரு மாதம் தவறினாலும் சம்பளத்திலிருந்து நேரடியாகப் பிடிக்கும் கட்டளை நடைமுறைக்கு வரும் என்று நீதவான் முடித்தார். தாபரிப்புக் கட்டளைக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். கணவர் அதைச் செய்யவில்லை. அதனால் நிபந்தனையோடு ஒத்திவைத்த அந்தக் கட்டளை மேலே பரிசீலிக்கப்படவில்லை. வேறொரு நீதிமன்றத்தில் இன்னொரு கனிஷ்டர் இதே காரணத்தோடு எழுந்தால், அந்த நீதவான் இதைப் பின்பற்றக் கட்டுப்பட்டவர் அல்லர். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சபை நாட்காட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.